முனையில் இறக்கிவிட்ட ஜெர்மன் வண்டி

வேலையை விட்ட பிறகும் காலை டீயை நான் பழைய இடத்தில்தான் குடிக்கிறேன். அம்பத்தூர் எஸ்டேட்டில், ரெக்கவரி லாரிகள் வரிசையாக நிற்கும் இடத்துக்கு எதிர்க்கடை. வழியில் நின்றுபோன காரை முதுகில் ஏற்றிக்கொண்டு போகும் லாரி அது. தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் தொடங்கி முழுசாக வெளுக்கும் வரைக்கும் அதைத்தான் ஓட்டினேன்.

போன வாரம் அங்கே நிற்கிற டிரைவர்களுக்குள் ஒரே புலம்பல். இப்போதெல்லாம் லாரி எங்கே வருகிறது, எந்தத் திருப்பத்தில் நிற்கிறது என்று கார்க்காரர் தன் போனிலேயே பார்த்துவிடுகிறாராம். வழியில் ஒரு டீக்கு ஒதுங்கினால் போன் வந்துவிடுகிறதாம்.

"உன் காலத்துல இந்த ரோதனலாம் இல்ல. ஷோக்கா இருந்துருப்ப, இன்னா பெர்சு?" என்றான் ஒருத்தன்.

"என் காலத்துலயே வந்துச்சுபா. அதுல மொதல்ல மாட்டுனவனே நான்தான்" என்றேன்.

உடனே ரெண்டு பேர் பெஞ்சில் நெருங்கி உட்கார்ந்தார்கள். இன்னொருத்தன் வேறு கேள்வி போட்டான்.

"அண்ணாத்தே, உன் சர்வீஸ்ல அதிகமா தூக்குன வண்டி இன்னாது? ஏதாச்சும் ஓட்ட அம்பாசிடரா?"

"இல்லடா. ஒரு ஜெர்மன் வண்டி. நீலக் கலரு. மிதிச்சா ராக்கெட்டு."

"ராக்கெட்டு ஏன் உன் லாரில வருது?"

நியாயமான கேள்விதான். ரெண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் முழுசாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது. கொஞ்சம் சுற்றிக்கொண்டுதான் வருவேன். லாரி ஓட்டினவன், குறுக்குச் சந்தில் நுழைய வராது.

நான் தொழில் கற்ற கதையில் பெரிசாக ஒன்றுமில்லை. செம்பரம்பாக்கத்தில் எங்கள் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தார். அந்த நிலம் பிளாட் ஆனது. பிளாட் போட்டவர்களுடைய கார் சேற்றில் மாட்டியது. அதை இழுக்க வந்த கிரேன் வண்டியில் நான் கிளீனராக ஏறிக்கொண்டேன். அந்தக் கிரேன் காரின் மூக்கில் சங்கிலியைப் போட்டு, திருடனை இழுத்துப் போவது மாதிரி இழுத்துப் போகும். பிறகு டிரைவர் ஆனேன். பிறகு முதுகு சாய்கிற லாரி வந்தது. அதன் பலகை பின்னால் சரிந்து தரையைத் தொடும், கார் மேலே ஏறும், பலகை மறுபடி நிமிர்ந்துகொள்ளும். இவ்வளவுதான் என் படிப்பு.

முதலாளி ஜாபர் பாய். பூந்தமல்லி பைபாஸ் ஓரத்தில் அவருக்கு யார்டு. பாய்க்கு ஒரு முறை உண்டு. யாராவது போன் செய்து வண்டி நின்றுவிட்டது என்றால், வண்டி எங்கே என்று கேட்க மாட்டார். "நீங்க எங்க நிக்கிறீங்க, வெயில்லயா நெழல்லயா?" என்பார். எப்போதும் வெள்ளை ஜிப்பா. அதில் ஒரு பொட்டு கிரீஸ் இருக்காது, ஏனென்றால் அவர் காரைத் தொடவே மாட்டார். லாரி போய் நின்றதும் பிளாஸ்க்கைத் திறந்து கார்க்காரருக்கு டீ ஊற்றிக் கொடுப்பார். அவர் குடித்து முடிக்கும் வரைக்கும் நான் சங்கிலியில் கை வைக்கக் கூடாது.

"வண்டி நின்னா அது மெக்கானிக்கோட பேஜாரு, ஏகாம்பரம். வண்டிக்காரன் ரோட்ல நின்னுகினு கீறான் பாரு, அதான் நம்ம பேஜாரு. மொதல்ல மன்சன ஏத்து. அப்பால வண்டிய ஏத்து."

சில வார்த்தைகளை யார்டில் எவனும் வாயிலெடுக்கக் கூடாது என்றும் வைத்திருந்தார். "மறுபடியுமா?" என்று கேட்கக் கூடாது. "இத்த ஏன் வாங்குனீங்க?" என்று கேட்கவே கூடாது. அப்படிக் கேட்ட ஒரு டிரைவரை ஒரு வாரம் யார்டில் உட்காரவைத்து, வருகிறவர்களுக்கு டீ ஊற்றவிட்டார்.

இன்னொன்று, ஏற்றுகிற காரின் மூஞ்சி முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். பின்னால் பார்த்து ஏற்றினால் அன்றைக்குப் பாய் நம்மோடு பேச மாட்டார். "மாப்ள ஊர்வலம் மாரி போவணும்டா. ஜனாசா மாரி போவக் கூடாது" என்பார். ஜனாசா என்றால் அவர்கள் பக்கத்துச் சவ ஊர்வலம். எத்தனையோ நொறுங்கிப்போன வண்டிகளைக்கூட நான் மாப்பிள்ளை மாதிரிதான் கொண்டுபோயிருக்கிறேன்.

அந்த நீல வண்டியை முதலில் பார்த்தது பூந்தமல்லி சர்வீஸ் ரோட்டில். பள்ளத்தில் இறங்கி டயர் வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு ஒல்லியான ஆள், கழுத்தில் ஆபீஸ் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு, காய்ச்சல் கண்ட பிள்ளையைத் தடவுவது மாதிரி காரின் மேற்கூரையைத் தடவிக்கொண்டிருந்தார். பெயர் சிவபாலன். திருநெல்வேலிப் பக்கம். கம்ப்யூட்டர் வேலை. மேனாம்பேட்டில் ஃபிளாட்.

"சாப்டீங்களா சார்?" என்றேன், பாய் சொல்லிக்கொடுத்தபடி.

"இல்ல அண்ணாச்சி. சோறு எறங்கல."

"டயர்தான சார். ஸ்டெப்னி எங்க கீது? மாட்டிட்டுப் போய்க்கினே இருங்க."

"இதுக்கு ஸ்டெப்னியே கிடையாது அண்ணாச்சி."

"திருடு போச்சா?"

"கம்பெனியே வைக்கல. ஜெர்மனில ரோடு நல்லாருக்கும்லா."

எனக்கு நாக்கு நுனி வரைக்கும் ஒரு பதில் வந்தது. பாயை நினைத்து விழுங்கிவிட்டு, லாரியில் இருந்த பிளாஸ்க்கைத் திறந்தேன்.

டீ குடித்துக்கொண்டே அவர் சொன்னார். பள்ளிக்கூடம் படிக்கும்போது கணக்கு நோட்டு அட்டைக்குள்ளே இந்தக் காரின் படத்தை ஒட்டிவைத்திருந்தாராம். புதுசு வாங்க ஏழு ஜென்மம் வேண்டும். பழசு ஒன்று வந்தது. பெங்களூரில் யாரோ வைத்திருந்தது. ஆனால் ஜோசியர் குறுக்கே விழுந்தார். சிவபாலனுக்கு வாகன யோகம் இல்லை, சம்சாரத்துக்குத்தான் இருக்கிறது, அதனால் அந்தம்மா பெயரில் வாங்கினால் வண்டி நிற்காமல் ஓடும் என்றார். அப்படியே செல்வியம்மா பெயரில் வாங்கினார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

அந்தக் காரை ஏற்றுவது ஒரு தனி வித்தை. சாதாரண காருக்குப் பலகையைச் சரித்து, கொக்கி மாட்டி, கம்பியை இழுக்கும் வின்ச்சைச் சுற்றினால் ஏறிவிடும். இதற்கு வயிறு தரையோடு ஒட்டிக் கிடக்கும். நேராக ஏற்றினால் மூக்கு உடைந்துவிடும். அதனால் புளிய மரக் கட்டையைச் சரிவாகச் செதுக்கி வைத்திருந்தேன். முதலில் கட்டை மேல், பிறகு பலகை மேல், படிப்படியாக, கர்ப்பிணியைப் பஸ்ஸில் ஏற்றுவது மாதிரி ஏற்ற வேண்டும். கொக்கி மாட்ட வெளியே ஒரு வளையமும் தெரியாது. முன் பம்பரில் ஒரு சின்ன மூடி. அதை நோண்டினால் ஓட்டை. டிக்கியில் இருக்கும் கொக்கியை எடுத்து அந்த ஓட்டையில் திருக வேண்டும். அதுவும் இடது மரை. உலகத்தில் எல்லாத் திருகும் ஒரு பக்கம் இறுகினால் இது எதிர்ப்பக்கம் இறுகும். முதல் நாள் நானும் சிவபாலனும் மாறி மாறி அதைக் கழற்றிக்கொண்டே இருந்தோம், மாட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு.

பாட்டரி செத்துவிட்டால் இன்னும் மோசம். ஹேண்ட் பிரேக் ஒரு பொத்தான். கரண்ட் இல்லாவிட்டால் அது விடாது. பின் சக்கரம் ரெண்டும் பிடிவாதமாக நிற்கும். அப்போது சக்கரத்துக்கு அடியில் பிளாஸ்டிக் தட்டைச் செருகி, சோப்புத் தண்ணி ஊற்றி, வழுக்கிக்கொண்டே ஏற்ற வேண்டும். நாங்கள் என்னவோ கார் கழுவ வந்தவர்கள் என்று நினைத்து ஒருத்தர், "என் வண்டியையும் அப்படியே பாத்துடுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஓடும்போது ஓடும், அதைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஒரு தடவை சிவபாலன் என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆவடி ரோட்டில் ஒரு மிதி மிதித்தார். என் வயிறு பட்டாபிராமிலேயே நின்றுவிட்டது. அப்படி ஒரு வண்டி. ஆனால் ஒரு மாசம் ஓடினால், பெருக்கிவிட்ட தரையில் பல்லி வால் கிடப்பது மாதிரி, ஒரு சின்ன பிளாஸ்டிக் பைப் உடைந்து கீழே கிடக்கும். அது ஜெர்மனியிலிருந்து வர வேண்டும். வரும் வரைக்கும் கார் நிற்கும். வந்த பிறகு அடுத்த பைப் உடையும்.

நாலைந்து தடவை நான் லாரியோடு அவர் ஃபிளாட் வாசலுக்கே போய் இறக்கினேன். தெரு குறுகல். லாரி நின்றால் தண்ணி லாரி நுழையாது, ஸ்கூல் வேன் நுழையாது. பலகை சரியும்போது அது கீ கீ என்று கத்தும். பால்கனிக்கு ஒரு தலையாக எட்டிப் பார்க்கும். "மறுபடியுமா?" என்று ஒரு பால்கனி கேட்கும். "மறுபடியும்தான்" என்று எதிர் பால்கனி பதில் சொல்லும். பாய் யார்டுக்குள் தடை செய்த வார்த்தை, அங்கே மாடி மாடியாக ஓடியது.

ஒரு நாள் செல்வியம்மா இறங்கி வந்தார். எனக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் பொறுமையாக நின்றார். பிறகு புருஷனைப் பார்த்துச் சொன்னார்.

"லிஃப்டுல போனா கேக்காவ, மொட்ட மாடில துணி காயப்போட்டா கேக்காவ. என்னால பதில் சொல்லி முடியல. இனி ஒரு தடவ இந்த லாரி இந்த வாசலுக்கு வந்துச்சுன்னா, அன்னைக்கே வண்டிய வித்துரணும். எம்பேர்ல இருக்க வண்டி. கையெழுத்து நாந்தான் போடணும், போட்டுருவேன்."

சிவபாலன் ஃபிளாட்டுக்குள் போகவில்லை. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். நான் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது பார்த்தேன். ஸ்டீயரிங்கில் ரெண்டு கையையும் வைத்துக்கொண்டு, ஓடாத காரை ஓட்டிக்கொண்டிருந்தார்.

யார்டில் வந்து பாயிடம் சொன்னேன். பாய் வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"அந்தம்மா இன்னா சொன்னுச்சு? கரெக்டா சொல்லு."

"லாரி வாசலுக்கு வரக் கூடாதுன்னுச்சு பாய்."

"வாசலுக்குத்தான?"

"ஆமா."

"அப்ப முனைல எறக்கு. இன்னா, புதுசா?"

புதுசு இல்லைதான். எங்கள் தொழிலில் முனையில் இறக்குவது என்று ஒரு பழக்கம் உண்டு. காரோடு லாரியில் போய் இறங்கச் சிலருக்குக் கூச்சமாக இருக்கும். பொண்ணு பார்க்கப் போகிற வீடு, மாமியார் வீடு, கடன்காரன் வீடு. அப்படிப்பட்டவர்களைத் தெரு முனையில் இறக்கிவிடுவோம். அங்கிருந்து தள்ளிக்கொண்டோ உருட்டிக்கொண்டோ போய்க்கொள்வார்கள். பாய் அதற்காகத் தனியாக ஒன்றும் கேட்க மாட்டார். "மானத்துக்கு மீட்டர் போடாத" என்பார்.

சிவபாலன் தெருவுக்கு அல்லா ஒரு வசதி செய்து வைத்திருக்கிறான் என்று பாய் சொன்னது அந்த முனையைப் பார்த்த பிறகு. முனையில் ஒரு இஸ்திரி வண்டி. அதன் பக்கத்தில் லாரியை நிறுத்தினால் ஃபிளாட்டிலிருந்து தெரியாது. அங்கிருந்து வாசல் வரைக்கும் தெரு லேசான இறக்கம். நியூட்ரலில் விட்டால் போதும், கார் தானாக உருண்டு வாசலில் போய் நிற்கும். வாட்ச்மேன் கேட்டைத் திறந்து வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

முதல் தடவை உருட்டிவிட்டபோது சிவபாலனுக்குச் சட்டையெல்லாம் வேர்வை. என்ஜின் ஓடாவிட்டால் ஸ்டீயரிங் திரும்பாது, பிரேக் கல் மாதிரி இருக்கும். ரெண்டு கையாலும் மல்லுக்கட்டிக்கொண்டே, முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பை மாட்டிக்கொண்டு, அன்னப் பறவை மாதிரி உள்ளே போய் நின்றார். ஃபிளாட் செகரட்டரி எதிரே வந்தாராம்.

"ஜெர்மன்காரன் ஜெர்மன்காரன்தான் சார். இன்ஜின் ஓடறதே தெரியலயே!"

"ஆமா சார்" என்றாராம் இவர்.

அதற்குப் பிறகு எத்தனை தடவை அந்த முனையில் இறக்கினேன் என்று கணக்கில்லை. இஸ்திரி போடுகிற அம்மா எங்களைப் பார்த்ததும் கரிப்பெட்டியை ஓரமாக நகர்த்தி இடம் விடும். சிவபாலன் உருட்டுவதில் கை தேர்ந்துவிட்டார். ஃபிளாட்டில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. செல்வியம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வித்தை பலித்துவிட்டது என்று நாங்கள் மூன்று பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம். நான், சிவபாலன், பாய்.

அந்தச் சமயத்தில்தான் பாய் எங்கள் லாரியில் ஒரு சின்ன டப்பியை மாட்டினார். கார்க்காரர்களை எங்களிடம் அனுப்புகிற கம்பெனி சொல்லிவிட்டதாம். டீசல் திருடுகிறோமா என்று பார்க்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான்தான் திருடுவதில்லையே என்று விட்டுவிட்டேன்.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன்.

அந்த வருஷம் செல்வியம்மாவின் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். மருமகன் வாங்கிய ஜெர்மன் வண்டியைப் பார்க்கவென்றே வந்தவர். அவர் ஊரில் நெல் லாரி வைத்து ஓட்டியவர். லாரிக்காரன் ஆயுத பூஜை எப்படிச் செய்வான் என்று உங்களுக்குத் தெரியும். என் லாரிக்கு நானே ரெண்டு பக்கமும் வாழைக் கன்று கட்டி, சாமந்தி மாலை போட்டு, கண்ணாடியில் பட்டை அடித்துத்தான் அன்றைக்கு எடுத்தேன். அவர் அதையெல்லாம் அந்தக் காருக்குச் செய்திருக்கிறார். முன்பக்கம் ரெண்டு வாழைக் கன்று, இலையோடு. காரின் வாயை மூடுகிற மாதிரி ஆள் கனத்துக்கு ஒரு சாமந்தி மாலை, அதற்கு மேலே ஒரு மாவிலைத் தோரணம். பிறகு சந்தனம். பம்பரில் வரிசையாக வட்ட வட்டமாகச் சின்னப் பொத்தான்கள் இருக்கும். எதிரே ஏதாவது வந்தால் கண்டுபிடித்துக் கத்துகிற பொத்தான்கள். மாமனார் அவற்றைத் தடவிப் பார்த்திருக்கிறார்.

"ஏ மாப்ள, ஜெர்மன்காரன் நம்மாளுதான் போல. பொட்டு வைக்கதுக்கு எடம் விட்டுல்லா செஞ்சிருக்கான்!"

ஒவ்வொரு பொத்தானிலும் கெட்டியாகச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்துவிட்டார். சிவபாலன் துடைக்கிற துணியை எடுத்தாராம், திரும்ப மடித்து வைத்தாராம். மாமனாரிடம் எப்படிச் சொல்வது?

எலுமிச்சம்பழத்தை நசுக்கிவிட்டு மூன்று பேரும் திருவேற்காடு கோயிலுக்குக் கிளம்பினார்கள். கேட்டைத் தாண்டும் முன்னாலேயே கார் கத்த ஆரம்பித்துவிட்டது. முன்னால் ஆள், பின்னால் ஆள், பக்கத்தில் ஆள் என்று கீ கீ என்று ஒரே ஓலம். திரையில் நாலா பக்கமும் சிவப்பு.

"அருள் வந்துட்டு" என்றாராம் மாமனார். சிவபாலன் சத்தத்தைப் பொத்தானில் அடக்கிவிட்டு ஓட்டினார். பூஜை நாள் நெரிசல், ஊர்ந்து ஊர்ந்து போனார்கள். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் என்ஜின் கொதிக்கிறது என்று திரையில் எழுத்து வந்தது. பிறகு வேகம் செத்தது. பிறகு கார் நின்றது.

எனக்குப் போன் வந்தது. "அண்ணாச்சி" என்றார் சிவபாலன். ஏரிக்கரை என்று மட்டும் சொன்னார். அவர் குரலிலேயே எனக்கு விளங்கிவிட்டது, வீட்டம்மா பக்கத்தில் இருக்கிறார் என்று.

போய்ச் சேர்ந்தேன். ஏரிக்கரையில் அந்தக் கார், வாழை மரத்துக்கு நடுவில் கல்யாண மண்டப வாசல் மாதிரி நிற்கிறது. பக்கத்தில் சிவபாலன், முகத்தில் ரத்தமில்லை. செல்வியம்மா பட்டுப் புடவையில், கையைக் கட்டிக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். மாமனார் மட்டும் என் லாரியைச் சுற்றி வந்து, டயரைத் தட்டிப் பார்க்கிறார்.

"சாப்டீங்களா?" என்றேன் எல்லாரையும் பார்த்து. யார்டு பூஜைச் சுண்டலும் பொரியும் பொட்டலம் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். செல்வியம்மா வாங்கிக்கொண்டார். சிவபாலன் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"சார், அந்த மாலய கழட்டிட்டு ஏத்தலாமா?" என்றேன்.

மாமனார் பாய்ந்து வந்தார். "பூச போட்டு கோயிலுக்குப் போகாம மாலையக் கழட்டதாவது! அப்படியே ஏத்தும்வே."

அப்படியே ஏற்றினேன். கட்டை மேல், பிறகு பலகை மேல். மூஞ்சி முன்பக்கம். என் லாரிக்கு ரெண்டு வாழை, லாரி மேலே இருக்கிற காருக்கு ரெண்டு வாழை. கேபினில் மாமனார் ஜன்னலோரம், நடுவில் மகளும் மருமகனும் நெருக்கியடித்துக்கொண்டு. அந்தக் கோலத்தில் கிளம்பினோம். வழியில் ரெண்டு பொம்பளைகள் கையெடுத்துக் கும்பிட்டார்கள். சிக்னலில் பைக்கில் வந்த ஒருத்தன் கண்ணாடியைத் தட்டினான்.

"அண்ணே, லக்கி டிராவா? கூப்பன் எங்க தராங்கோ?"

சிவபாலன் கண்ணை மூடிக்கொண்டார். மாமனார் அவனுக்குப் பதில் சொன்னார். "அது பரிசு இல்ல தம்பி, மருமவன் வண்டி." பிறகு சீட்டைத் தட்டிப் பார்த்து எங்களிடம் சொன்னார். "வண்டின்னா இதுல்லா வண்டி! மாப்ள, நீரு இத வாங்கிருக்கலாம்வே."

மேனாம்பேடு நெருங்கியது. எப்போதும் முனையில் இறக்கி அந்தம்மாவிடமிருந்து மறைத்தோம். இப்போது அந்தம்மாவே லாரியில். முனையில் நிறுத்தினால் இத்தனை நாள் நடந்த களவாணித்தனமும் சேர்ந்து வெளியே வரும். வாசலுக்குப் போனால் இன்றைக்கே வண்டியை விற்க வேண்டும். சிவபாலன் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். பழைய பொய்யையாவது காப்பாற்றுவோம் என்று அவர் தலையை லேசாக அசைத்தார். நேராகப் போ என்று அர்த்தம். கண்ணில் தண்ணீர் நின்றது.

நானும் இஸ்திரி வண்டியைத் தாண்டினேன். இஸ்திரி அம்மா பழக்கத்தில் கரிப்பெட்டியை நகர்த்திவிட்டு, நான் நிற்காமல் போவதைப் பார்த்து வாயைப் பிளந்தது.

"அண்ணாச்சி" என்றார் செல்வியம்மா.

"சொல்லுமா."

"எங்க நேரா போறிய? எப்பவும் இங்கனதான எறக்குவிய?"

என் கால் பிரேக்கில் தானாக விழுந்தது. லாரி குலுங்கி நின்றது. கேபினில் மாமனார் பொரி மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"உனக்கு எப்படி..." என்றார் சிவபாலன்.

"வண்டி எம்பேர்ல இருக்கு. கம்பெனில குடுத்த போன் நம்பரும் என் நம்பரு. லாரி கெளம்புனா எனக்கு மெசேஜ் வரும், லாரி எங்க வருதுன்னு படம் வரும். அது ஒவ்வொரு தடவையும் இந்த இஸ்திரி வண்டிகிட்ட வந்து நிக்கும். பொறவு நீங்க வேர்த்து ஒழுகிட்டு, சிரிச்சிட்டு வீட்டுக்குள்ள வருவிய."

"தெரிஞ்சுமா ஒண்ணும் சொல்லல?"

"வாசலுக்கு வரக் கூடாதுன்னுதான சொன்னேன்? வரல. பொறவு நான் என்னத்தச் சொல்ல?"

பாய் சொன்னதும் இதே கணக்குத்தான். அவர் அங்கே இல்லாமல் போனாரே என்று இருந்தது எனக்கு.

செல்வியம்மா என்னைப் பார்த்து, புருஷனுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னார். "அண்ணாச்சி, இவிய ஆபீஸ் போன் ஞாயித்துக்கிழமையும் அடிக்கும். சாப்பிடும்போது எடுப்பாவ, கோயில்ல எடுப்பாவ, எங்க அத்த கருமாதில எடுத்தாவ. அந்த வண்டியத் தொடைக்கும்போது மட்டும் எடுக்க மாட்டாவ. அத விக்கச் சொல்லி நான் எங்க போக?"

சிவபாலன் கையில் இருந்த சுண்டலை அப்போதுதான் வாயில் போட்டார்.

லாரியைப் பின்னால் எடுத்து முனையில் நிறுத்தினேன். இஸ்திரி அம்மா மறுபடி கரிப்பெட்டியை நகர்த்தியது. காரை இறக்கியதும் செல்வியம்மா போய் அந்த மாலையைத் தூக்கிப் பார்த்தார். காரின் வாயோடு ஒட்டியிருந்த பூவெல்லாம் வதக்கிய கீரை மாதிரி சுருண்டு கிடந்தது.

"எப்பா, இங்க பாருங்க. நீங்க போட்ட மாலதான் காத்தே போகவிடாம அடைச்சிருக்கு. அதான் கொதிச்சிருக்கு."

மாமனார் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார்.

"மால போட்டா மூச்சு முட்டுத மாப்ளைய இப்பந்தான் பாக்கேன்."

மாலை, தோரணம், வாழை எல்லாம் என் லாரிக்கு வந்தன. சந்தனத்தைச் செல்வியம்மா முந்தானையால் துடைத்தார். சிவபாலன் உள்ளே உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். அது வரைக்கும் அந்த முனையில் ஒரு தடவைகூட உறுமாத கார், அன்றைக்கு உறுமிக்கொண்டே வாசலுக்குப் போனது. பால்கனியெல்லாம் எட்டிப் பார்த்தது. செகரட்டரி கீழே நின்றிருந்தார்.

"இன்னா சார், இன்னைக்குச் சத்தம் கேக்குது! ஏதாவது ரிப்பேரா?"

நான் வேலையை விட்ட நாளில் யார்டில் எனக்குச் சால்வை போட்டார்கள். பாய் தன் பிளாஸ்க்கையே கொடுத்தார். தெரிந்த கார்க்காரர்கள் சிலர் போன் செய்து நல்லா இருங்கள் என்றார்கள். சிவபாலன் வெகு நேரம் பேசினார். பிறகு செல்வியம்மா போனை வாங்கினார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார், என் சம்சாரத்தை விசாரித்தார். வைக்கப் போகிற நேரத்தில், குரலைத் தணித்துக்கொண்டு ஒன்று கேட்டார்.

"புதுசா வாரவருக்கு அந்த முனை தெரியுமா, அண்ணாச்சி?"